ஏழாவது வரி

கூட்டக் குறிப்பின் ஏழாவது வரியில் அவனுடைய கல்யாணம் இருந்தது.

ஆறாவது வரியில் மோட்டார் மூடிக்கான திருகாணி.

அவன் போனை கேன்டீன் மேசைமேல் கவிழ்த்து வைத்தான். நிமிர்த்திப் பார்த்தான். அப்படியேதான் இருந்தது.

வேலை: அப்பாவிடம் பேசுவது.
பொறுப்பு: கோகிலவாணி, டெஸ்பாட்ச்.
முடிக்கவேண்டிய நாள்: குறிக்கவில்லை.

சுற்றிலும் வரிசையாகப் போன்கள் கிணுகிணுத்தன. குறிப்பு எல்லோருக்கும் போகும். அதுதான் அதன் சிறப்பு.

கோவையில் தண்ணீர் மோட்டார் செய்கிற கம்பெனி. ஆபீசில் எல்லோரும் பேசிக்கொள்ள ஒரு மென்பொருள் வைத்திருந்தார்கள். அடுத்த மாதம் வரப்போகும் அதன் புதிய பதிப்பை முன்கூட்டியே காட்ட, சென்னையிலிருந்து விற்பனை அதிகாரி ஒருவர் காலையிலேயே வந்துவிட்டார்.

புதிய பதிப்பு கூட்டத்தைத் தானே கேட்கும். தானே எழுதும். யார் வேலை எது என்று தானே பிரித்துக் கொடுக்கும்.

"எங்கூர்ப் பேச்செல்லாம் இதுக்கு வெளங்குமா அம்மணி?" என்று கேட்டார் மேனேஜர் மாரப்பன்.

விளங்கும் என்றார் அதிகாரி.

விளங்கியது.

வணிகப் பயன்கள் மூன்று என்றது திரை. எதுவும் விட்டுப்போகாது. பொறுப்பில் குழப்பம் வராது. தேங்கிக் கிடக்கும் முடிவுகள் நகரும்.

மூன்றாவதைப் படிக்கும்போது அவன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

இந்தக் கம்பெனியில் எந்தக் கூட்டமானாலும் ஒரே சொல்லில்தான் முடியும். பாத்துக்கலாம். அதைக் கேட்டதும் எல்லோரும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிடுவார்கள். அதற்குமேல் கேட்பது மரியாதை இல்லை.

புதிய பதிப்புக்கு அந்த மரியாதை இன்னும் வரவில்லை. தள்ளிப்போட்டதையெல்லாம் வேலை என்று எழுதிக்கொண்டது. தள்ளிப்போட்டவரே பொறுப்பு.

மாரப்பன் ஆறு முறை தள்ளிப்போட்டார். முதல் ஆறு வரியும் அவருக்கு.

பிறகு டீ மணி அடித்தது. அறை காலியானது. அவன் வயரைச் சுருட்டினான். கோகிலவாணி ஃபைல்களை அடுக்கினாள். மைக்கை அணைக்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. கூட்டம் முடிந்துவிட்டது என்று மனிதர்கள் நினைத்தார்கள். யாராவது பேசுகிறவரை கூட்டம் நடக்கிறது என்று மென்பொருள் நினைத்தது.

"உங்கப்பாகிட்ட நான் எப்பத்தான் வந்து பேசறது?"

"நானே பேசறேன். பாத்துக்கலாம்."

வாரம் ஒரு முறை கேட்பான். இரண்டு வருடம். அவன் எழுந்து போய்விட்டான், மரியாதையாக.

இப்போது அவள் கேட்டில் இருந்தாள். ஈரோட்டுக்குப் போகும் லாரி அங்கே நின்றது. படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் லாரியை வெளியே விடமாட்டாள். டிரைவரின் ரத்த வகைக்காக ஒரு மணி நேரம் நிறுத்தியவள்.

ஒரு வேலையை அழிக்கிற உரிமை அதன் பொறுப்பாளருக்கு மட்டும்தான் என்று காலையில் அதிகாரி பெருமையாகச் சொல்லியிருந்தார்.

அவள் அழித்துவிட்டால்?

அதுதான் பதில். கேன்டீன் முழுக்கத் தெரிந்த பதில்.

குறிப்பின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வாசகம் ஓடியது.

கோகிலவாணி பார்க்கிறார்.

டீ கிளாஸ்கள் பாதி வழியில் நின்றன.

கோகிலவாணி திருத்துகிறார்.

"ஏம்ப்பா தரணி, இதுல அப்பான்னா யாரோட அப்பா?" என்றார் மாரப்பன்.



"அவனோட மாமனாருங்க சார். டீ ஆறுது, குடிங்க," என்றார் ஸ்டோர்ஸ் சரசக்கா.

ஏழாவது வரி ஒரு தடவை மின்னியது.

முடிக்கவேண்டிய நாள்: ஞாயிறு, காலை 10.00.

யாரும் கை தட்டவில்லை. சரசக்கா தன் தட்டிலிருந்த வடையை எடுத்து அவன் தட்டில் வைத்தார். அவ்வளவுதான். அவனுக்குக் காது இரண்டும் சுட்டன.

மாரப்பன் தன்னுடைய ஆறு வரிகளைப் பார்த்தார். ஆறும் தேதியில்லாமல் சிவப்பாகக் கிடந்தன.

"பாத்துக்க..." என்று ஆரம்பித்தார்.

எதிரே அதிகாரியின் போன் மேசைமேல் மல்லாந்து படுத்திருந்தது.

வாயை மூடிக்கொண்டார். முதல் வரிக்கு ஒரு தேதி போட்டார். பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வராத குழாய். மோட்டார் கம்பெனியில். மூன்று வருடமாக.

அதிகாரி மூன்றாவது பயனை யாருக்கும் நினைவூட்டவில்லை. வடை சாப்பிட்டார்.

அப்போது குறிப்பு இன்னும் ஒரு வரி நீண்டது.

வேலை: அப்பாவிடம் பேசும்போது பக்கத்தில் நிற்பது.
பொறுப்பு: தரணிதரன், சர்வீஸ்.
தொடங்கும் நாள்: ஞாயிறு, காலை 10.00.
முடிக்கவேண்டிய நாள்:

அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

மறந்திருப்பாள். இதோ போடுவாள்.

அவன் அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கோகிலவாணி திருத்தி முடித்தார் என்றது போன்.

வெளியே கேட் திறந்தது. லாரி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.