எலுமிச்சையின் காவல்

வீட்டு முன்னால் நின்ற புதுக் காருக்குத் திருஷ்டி எலுமிச்சையும் மிளகாயும் கட்டிக்கொண்டிருந்தாள் பூங்கோதை. உள்ளே குழந்தை வீறிட்டதும், சாவியைக் காரிலேயே விட்டுவிட்டு ஓடினாள். கேட்டில் பூட்டு வாயைத் திறந்தபடி தொங்கியது.

"யக்கா, என்னைப் பூட்டலையே!" என்று பூட்டு பதறியது.

"நான்தான் இருக்கேன்ல, சும்மா கிட" என்றது எலுமிச்சை.

தெருவை இருபக்கமும் நோட்டம் விட்ட ஒருவன் கேட்டை மெல்லத் தள்ளினான்.

"தம்பி பூட்டு, ஏதாவது செய்யேன்!" கார் நடுங்கியது.

"திறந்த வாயால எதைக் கடிக்க?"

வந்தவன் எலுமிச்சையைக் கண்டதும் தயங்கினான். கன்னத்தில் போட்டுக்கொண்டான். பயபக்தியாக அதை அவிழ்த்துக் கேட்டில் மாட்டிவிட்டு, காரைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டான்.

பூட்டின் பக்கத்தில் தொங்கியபடி எலுமிச்சை சொன்னது: "என்னைத் தொடறப்போ அவன் கை நடுங்குச்சே, பார்த்தியா?"