தகரக் குரல்

விளைமீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்த ஜெனீற்றாவின் கை நின்றது. அறைக்குள் அவள் பாட்டுத்தான் ஓடியது. ஆனால் அது அவள் குரல் இல்லை. தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி ஒரு சத்தம்.

ஈரக்கையோடு வாசலில் போய் நின்றாள். கணவனின் தம்பி றெக்ஷன் லாப்டொப்புக்கு முன்னால் இருந்தான். காலையில் வெளிச்சத்தம் வராமல் ஜன்னலுக்கு மெத்தையைச் சாத்தி, கெஞ்சிக் கூத்தாடி அவளைப் பாடவைத்துப் பதிவு செய்தவன். ஆட்களுக்கு முன்னால் வாய் திறக்காதவள், மாதா பாட்டு என்றபடியால்தான் சம்மதித்தாள்.

"இதென்ன மச்சான், பத்துக் கோடு?"

"ஈக்குவலைசர், மச்சாள். இடப்பக்கம் தடிச்ச சத்தம். வலப்பக்கம் மெல்லிசு. 'ச' எண்டேக்கை பல்லுக்குள்ளாலை வருமே, அது."

"இடப்பக்கத்தை ஏன் அடியோடை இறக்கினனீர்? ஏத்திப் பாருமன்."

ஏற்றினான். அவள் குரல் திரும்பி வந்தது. நல்லாய்த்தான் இருந்தது, அவளுக்கே வெட்கமாய்ப் போயிற்று.

றெக்ஷன் பழையபடி இறக்கினான். "இதுதான் வேணும்."

பக்கத்து வீட்டு மேரிசுகந்தி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"ஆரடி அது, பூனையைக் கதவுக்குள்ளை நசிச்சது?"

ஜெனீற்றாவுக்கு முகம் சுட்டது. குடும்பக் குறூப்பில் போடுகிற பாட்டு. கட்டாரில் இருக்கிற அவரும் கேட்பார்.

"அழியும் அதை!"

"ஏலாது மச்சாள்."

பாட்டைப் போனில் ஏற்றி, இயர்போனையும் எடுத்துக்கொண்டு அவன் முற்றத்துக்குப் போனான். கூட்டாளிமாருக்குக் காட்டிச் சிரிக்கப் போகிறான் என்றே நினைத்தாள். அழுகை வந்தது.

அவன் வெறுங்கையோடு திரும்பி வந்தான்.

"என்னைப் பகிடி பண்ணவோ பாடவைச்சனீர்?"

"குறூப்புக்கு உங்கடை நல்ல குரலைத்தான் போடுவன். இது அப்புவுக்கு. முப்பது வருசம் வள்ள இஞ்சினுக்குப் பக்கத்திலை இருந்து, அவரின்ரை காதுக்கு மெல்லிசுச் சத்தம் ஒண்டும் ஏறாது. சொல்லு விளங்காது, அந்தச் சத்தத்தை ஏத்தி விட்டால்தான் பிடிபடும். கேட்டால் ஒத்துக்கொள்ளமாட்டார், நாங்கள் முணுமுணுக்கிறமாம். அதுதான் சொல்லாமல் செய்தனான்."

ஜெனீற்றா முற்றத்தை எட்டிப் பார்த்தாள். கலியாணம் முடித்து வந்து நாலு வருசம். அவன் அப்பு, அவளுக்கு மாமா, தன்னோடு கதைக்காதது கோபத்தில் என்றே நினைத்திருந்தாள்.

"எனக்காவது சொல்லியிருந்தால், நான் இன்னும் கொஞ்சம் உரத்து—"

"பிள்ளை ஜெனீற்றா!" முற்றத்திலிருந்து மாமாவின் குரல் அதிர்ந்தது. "இஞ்சை ஓடியா! ரெண்டாம் அடியிலை ஒரு சொல்லை விட்டுப்போட்டெல்லே படிச்சிருக்கிறாய்!"