மிளகு உதிர்க்கும் வைத்தியம்

கருப்பாத்தாள் பேச்சை நிறுத்தி ஏழு மாதமாகிவிட்டது.

முதல் மூன்று மாதம் முள்ளுக்குறிச்சிக்காரர்கள் பரிதாபப்பட்டார்கள். இரண்டு வயசுக் குழந்தை காய்ச்சலில் போனால் எந்தத் தாய்தான் பேசுவாள் என்றார்கள். நாலாவது மாதம் பரிதாபம் அலுத்துவிட்டது. அதற்கப்புறம் அவள் மாமியார், வைகாசியில் மகன் நாச்சிமுத்துவுக்கு வேறு பெண் கட்டிவைப்பதாக முடிவு செய்துவிட்டாள். எதிர்த்துப் பேசாத மருமகள் கிடைப்பது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை.

நாச்சிமுத்துவுக்கு இன்னொரு கல்யாணத்தில் இஷ்டமில்லை. கொல்லிமலையில் பொன்னாயி என்று ஒருத்தி மனசு சரியில்லாதவர்களைத் தேற்றி அனுப்புகிறாளாம் என்று கேள்விப்பட்டு, மாசி மாதம் ஒருநாள் மனைவியை வண்டியில் ஏற்றினான்.

வண்டிப்பாதை காரவள்ளியோடு முடிந்தது. அங்கே அருணாசலம் சுக்குக்காப்பிக் கடை வைத்திருந்தார். யுத்த காலம். மண்ணெண்ணெய், சர்க்கரை எல்லாம் அளந்துதான் கொடுத்தார்கள். ஆலோசனைக்கு மட்டும் கட்டுப்பாடு வரவில்லை.

பொன்னாயியிடம் போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியதையெல்லாம் அருணாசலம் எடுத்துச் சொன்னார். வெறும் வயிற்றோடு போக வேண்டும். ஒரு சேவல் கொண்டுபோக வேண்டும். முக்கியமானதைக் கடைசிக்கு வைத்திருந்தார்.

"நீங்களா வாயைத் தொறந்து ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க. நெசமாவே குறி சொல்றவளா இருந்தா அவளே கண்டுபிடிச்சுச் சொல்லோணும். நாமளே சொல்லிட்டா அப்பறம் அவ எதுக்குங்க?"

அவர் எத்தனை தடவை போயிருக்கிறார் என்று நாச்சிமுத்து கேட்டான். ஒரு தடவைகூட இல்லை என்றார் அருணாசலம். அதில் அவருக்குப் பெருமைதான்.

மலைமேல் பொன்னாயி தன் குடிசை வாசலில் மிளகுக் கொத்துகளைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சேவல் வேண்டாம் என்றாள். நாச்சிமுத்துவைத் தள்ளியிருந்த பலாமரத்தடிக்கு அனுப்பினாள். கருப்பாத்தாள் முன்னால் ஒரு முறத்தை வைத்து, மிளகை ஒவ்வொன்றாகக் கையால் உதிர்க்கச் சொன்னாள்.

பொன்னாயி சொல்வாள் என்று இவர்கள் காத்திருந்தார்கள். இவர்கள் சொல்வார்கள் என்று பொன்னாயி காத்திருந்தாள். மத்தியானம்வரை சேவல் மட்டும்தான் பேசியது.

"அடுத்த வாரமும் வாங்க, சாமி" என்று அனுப்பிவிட்டாள் பொன்னாயி. இறங்கும் வழியில் சேவலை அருணாசலம் பெரிய மனசோடு ஏற்றுக்கொண்டார்.

அடுத்த வாரமும் மிளகுதான். மந்திரிக்கவில்லை, கயிறு கட்டவில்லை, ஒரு புத்திமதிகூட இல்லை. அருணாசலத்துக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"மிளகு பறிக்கிற காலமுங்க. கூலிக்கு ஆள் கெடைச்சிருக்காது. உங்க ஊட்டுக்காரியை உக்கார வெச்சு வேலை வாங்கறா."

சொந்த நிலம் வைத்திருக்கிற குடியானவன், தன் பெண்டாட்டி யாருக்கோ கூலியில்லாமல் வேலை செய்கிறாள் என்றால் சும்மா இருப்பானா? நாச்சிமுத்து கொதித்துப்போனான். இருந்தாலும் வைகாசி நெருங்கிக்கொண்டிருந்ததால் மூன்றாவது வாரமும் மலையேறினான்.

அன்றைக்குப் பலாமரத்தடியில் இருந்தவன் காதில் முணுமுணுப்பாக ஒரு பேச்சு விழுந்தது. மனைவியின் குரலா என்று அவன் யோசிக்குமுன் அது பெரிய அழுகையாகிவிட்டது. ஓடிவந்தான்.

"பேசாமத்தான் இருந்தா. இப்ப அழுகவும் வெச்சுட்டீங்க. இதுதான் வைத்தியமா?"

"ஏழு மாசத்து அழுகை, சாமி. கொஞ்ச நேரம் ஆகும்."

"உங்ககிட்ட என்ன சொன்னா?"

"அதை அவதான் சொல்லோணும். எங்கிட்டச் சொன்னது இந்த முறத்தைத் தாண்டாது."

அதற்குமேல் நாச்சிமுத்துவால் பொறுக்க முடியவில்லை. இவளுக்கு எத்தனை மிளகுக்கொடி இருக்கிறது, யார் யாரை இப்படி ஏமாற்றுகிறாள் என்று விசாரித்துவிடுவது என்று பக்கத்து மிளகுக் காட்டுக்குப் போனான். அங்கே காட்டுக்காரன் சின்னக்கண்ணு பாயில் பரப்பிய மிளகுக் கொத்துகளைக் காலால் மிதித்து உதிர்த்துக்கொண்டிருந்தான். நாச்சிமுத்து கேட்டதற்கு அவன் காலை நிறுத்தாமலே பதில் சொன்னான்.

"பொன்னாயக்காவுக்கு ஒரு கொடிகூட இல்லீங்க. அது எங்க மிளகு. நாங்க மிதிச்சா ஒரு நாழிகை வேலை. கையில வேலை இருந்தாத்தான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு மனசுல இருக்கறதைச் சொல்லுவாங்கன்னு அக்கா வந்து வாங்கிட்டுப் போகுது."

"சும்மாவா குடுக்கறீங்க?"

"அது எப்பிடிங்க? கூடைக்கு ஒரு நாள், அக்கா வந்து எங்க காட்டைக் கொத்திக் குடுக்குது. அதுக்குக் கூலி கெடையாதுங்க."

நாச்சிமுத்து குடிசைக்குத் திரும்பி வந்தான். பொன்னாயி எழுந்து உள்ளே போயிருந்தாள். கருப்பாத்தாள் அழுது முடித்து, மறுபடி மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் முறத்துக்கு எதிரே உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்தான். தலையைக் குனிந்துகொண்டான். "அன்னிக்கு ராத்திரியே வைத்தியரைக் கூப்புடலாம்னு நீ சொன்ன. விடியட்டும்னு நான்தான் சொன்னேன்" என்றான். அவன் விரல்கள் மிளகைக் காம்போடு பிய்த்துப் போட்டன.

கருப்பாத்தாள் காம்பைப் பொறுக்கி எறிந்தாள். பிறகு ஏழு மாதத்தில் முதல் தடவையாகப் புருஷனைப் பார்த்துப் பேசினாள்.

"மெதுவா உதிருங்க. அக்காகிட்ட இன்னும் ஒரு கூடை இருக்குது."