கொக்கி

"கொக்கி மாட்டாம வெளிய வரமாட்டேன்" என்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள் மகள்.

பள்ளிச் சீருடை, முதுகில் புத்தகப் பை, இடுப்பில், படகில் இருந்தபோது கட்டிக்கொண்ட ஆரஞ்சு நிறப் பாதுகாப்புப் பட்டை. பட்டையில் கோத்த கயிறு, நுனியில் கொக்கியோடு தரையில் வளைந்து கிடந்தது.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

பாய்மரப் படகில் மூன்று பேருமாக உலகத்தைச் சுற்றிவிட்டு இந்த மாடி வீட்டுக்குக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தம்ளர் சறுக்கிவிடுமென்று இன்னமும் ஈரத்துணி விரித்துத்தான் காபி வைக்கிறாள்.

வந்த நாளிலிருந்து அம்மா வீட்டை விட்டு வெளியே போகவில்லை. படியில் கால் வைத்தாலே தரை ஆடியது. தெருவில் ஹாரன் கேட்டால் ஜன்னலைச் சாத்தினாள். காய்கறி வாங்குவது, மகளைப் பள்ளியில் விடுவது எல்லாம் அப்பா தலையில்தான். புயலில் பாய் இறக்கியவள் மாடிப்படி இறங்கமாட்டேன் என்கிறாளே என்று முதலில் கிண்டல் செய்தவர், இப்போது அதையும் விட்டுவிட்டார். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. காலம் முழுக்க இப்படியே இருந்துவிடுவோமோ?

இப்போது மகளுமா?

கொக்கி மாட்டாமல் யாரும் மேல்தளத்துக்கு வரக்கூடாது என்பது கடலில் அவள் போட்ட சட்டம். மகளின் கயிற்று நுனி எப்போதும் அம்மாவின் பட்டையில்தான் இருக்கும். இன்று அப்பாவிடம் மாட்டிக்கொள்ளச் சொன்னால் மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அப்பாவோ ஏற்கெனவே பளபளத்த ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பாவம், குழந்தை. கரை அவளையும் மிரட்டிவிட்டது.

வேறு வழியில்லாமல் அம்மா தன் பட்டையைத் தேடி எடுத்துக் கட்டிக்கொண்டாள். கொக்கியை மாட்டினாள்.

படி ஆடியது. தெருவும் ஆடியது. தையற்கடைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். ஒரு பஸ் உரசுவதுபோலப் போனது. அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது. மகள் பயந்துவிடக் கூடாதே என்று சிரித்த முகமாகவே நடந்தாள்.

வழி தெரிந்த மகள் ஓரடி முன்னால் போனாள். கயிறு கடைசிவரை தளரவே இல்லை.

பள்ளி வாசலில் காவலாளி கயிற்றைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

"தினமும் அப்பா கையை உதறிட்டு ஓடி வர்ற வாலாச்சே இது! இன்னைக்கு என்னம்மா கயிறெல்லாம்?"

மகள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கொக்கியைக் கழற்றி, தன் பட்டையையும் அவிழ்த்துக் கயிற்றோடு அம்மா கையில் திணித்துவிட்டு உள்ளே ஒரே ஓட்டமாக ஓடினாள்.

அம்மா அங்கேயே நின்றாள். கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது. தரை இன்னும் கொஞ்சம் ஆடத்தான் செய்தது.

கயிற்றைப் பத்திரமாகச் சுருட்டிக்கொண்டாள். சாயங்காலம் கூட்டிப்போக வரும்போது வேண்டுமே. மகள் பயப்படுவாள்.