முப்பதாவது துண்டு

காகிதக் கட்டுக்குள்ளிருந்து காளியாயியின் துண்டுச்சீட்டை உருவி, அவளுடைய அப்பா வீரய்யாவின் மரணத் துண்டுக்கு மேலே வைத்தாள் இசபெல்.

தேதிப்படி அது பிழை. வீரய்யா இறந்தது மூன்றாம் தேதி. மகள் தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதியக் கேட்டது பத்தாம் தேதி.

ஹட்டனிலிருந்த தோட்ட நிர்வாகக் கந்தோருக்குக் கம்ப்யூட்டர் வந்தது அந்த எண்பத்தாறில்தான். தோட்டங்களிலிருந்து வாரம் முழுக்க வரும் துண்டுகளை வெள்ளிக்கிழமை பிற்பகல் இசபெல் ஏற்றுவாள். ஒன்று பேர் சேர்க்கும். ஒன்று பேர் நீக்கும். இன்னொன்று, தொழிலாளர் குடும்பம் குடியிருக்கும் லயக் காம்பராவை வேறொருவருக்கு மாற்றும். கந்தோர் கிளார்க் பைஸர் எழுதிய புரோகிராம் அத்தனையையும் ஒரே கட்டாக, மேலிருந்து கீழாக ஓட்டும். நடுவில் ஒன்று இடறினாலும், அதுவரை செய்ததையெல்லாம் அழித்துப் பழையபடி வைத்துவிடும்.

மரணம் முதலில் ஏறினால் வீரய்யாவின் காம்பரா காலி. காத்திருப்போர் பட்டியலில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். மகளின் பேர் முதலில் ஏறினால் காம்பரா அவளோடு நிற்கும்.

காலையில் காளியாயி டிக்கோயாப் பக்கத்திலிருந்து நடந்தே வந்திருந்தாள். பதினெட்டு வயது. பாவாடை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"அம்மாவும் இல்லைங்க. தங்கச்சிங்க ரெண்டையும் வச்சிக்கிட்டு அந்தக் காம்பராவுலயே இருந்துக்கலாங்களா?"

பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தாள் இசபெல்.

இப்போது பொத்தானை அழுத்தினாள்.

இருபத்தெட்டு, காளியாயி. இருபத்தொன்பது, வீரய்யா. முப்பதில் திரை நின்றது.

முப்பதாவது துண்டு அதே காம்பராவைப் பட்டியலில் அடுத்து நின்ற லியனார்டுக்குக் கொடுக்கச் சொன்னது. காம்பரா காலியில்லை என்றது கம்ப்யூட்டர்.

ஏறியதெல்லாம் இல்லையென்றானது. வீரய்யா மறுபடி உயிரோடு இருந்தார்.

தேதிப்படி திருப்பி அடுக்கினால் நாற்பத்து மூன்று துண்டுகளும் தடங்கலில்லாமல் ஓடிவிடும். யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாது.

காளியாயியின் துண்டையும் முப்பதாவதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே ஸ்டேஷனுக்குப் பதுளை ரயில் வந்தது, நின்றது, போனது.

பிறகு முப்பதாவதை எடுத்து நிலுவைத் தட்டில் போட்டாள்.

இந்த முறை நாற்பத்திரண்டும் ஓடி முடிந்தன.

காம்பரா கிடைக்காதவர்களுக்குக் கடிதம் அனுப்புவது பைஸரின் வேலை. தட்டிலிருந்த துண்டைப் பார்த்துவிட்டு டைப்ரைட்டரில் தாளைச் சொருகினார்.

"மூணு வருசமா காத்திருக்காரு இவரு. என்னன்னு எழுதுறது, மிஸ்?"

"எழுதாதீங்க, பைஸர். கடுதாசி போனா அவன் பொண்டாட்டி பதறிப்போவா. எட்டு மாசம் அவளுக்கு."

பைஸரின் விரல்கள் எழுத்துகளின் மேல் நின்றன.

"ஞாயித்துக்கிழம பூசைக்கு வருவான்" என்றாள் இசபெல். "என் தம்பிக்கு நானே சொல்லிக்கிறேன்."