தலைவர் வீட்டு ஆரஞ்சு

“ஒண்ணுகூட மிஞ்சல. எல்லாம் சுருங்கி விழுந்துடுச்சு” என்றபடி மாடியிலிருந்து இறங்கி வந்தாள் மனைவி.

மாப்பிள்ளை பேப்பரைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

“நான் என்னடி பண்ணேன்? உங்கப்பா சொன்ன மாதிரி காலை வெயில், மதியம் நிழல், அளவாத் தண்ணி. இலையெல்லாம் எண்ணெய் தேச்ச மாதிரி மின்னுது. பழம் மட்டும் ஏன் விழணும்?”

“அதை அவர்கிட்டயே கேளுங்க. சாயங்காலம் சங்கத்துக்காரங்களோட வர்றார்.”

மாமனார் தோட்டக்கலைச் சங்கத் தலைவர். அந்தப் பதவியை வாங்கித் தந்ததே தொட்டியில் நிற்கும் இந்தக் குட்டி ஆரஞ்சு மரம்தான். ‘இந்த வெயிலில் காய்க்காது என்றார்கள், காய்க்க வைத்தேன்’ என்று மைக் கிடைத்த இடமெல்லாம் முழங்குவார். மரத்தை வேறு யாரும் தொடக் கூடாது. கைச்சூடு ஆகாதாம்.

வெளியூர் கிளம்பும்போது, “மரத்தைக் காப்பாத்திக் காட்டுங்க மாப்பிள்ளை. கடையை உங்க பொறுப்புல விடலாமான்னு அப்புறம் பார்ப்போம்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவருடைய இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருக்கும் மாப்பிள்ளை, பழக்கடைக்கு ஓடினார்.

குட்டி ஆரஞ்சாகப் பார்த்துப் பொறுக்கி வந்து, தையல் நூலால் ஒவ்வொன்றாகக் கிளையில் கட்டினார்.

“எப்படி இருக்கு?”

“தூரத்துலேர்ந்து பார்த்தா பிரமாதம். அப்பா கிட்ட வந்து பார்ப்பாரே.”

மாலையில் மாமனார் வந்தார். பின்னால் சங்கமே மாடி ஏறி வந்தது.

“அங்கேயே நின்னு பாருங்க” என்று எல்லோரையும் நிறுத்திவிட்டு, அவர் மட்டும் மரத்தை நெருங்கினார். குனிந்து ஒரு பழத்தைத் திருப்பிப் பார்த்தார். மாப்பிள்ளை மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தார்.

மாமனார் நிமிர்ந்தார். தொண்டையைச் செருமினார்.

“பார்த்தீங்களா, எல்லாம் வளர்ப்புலதான் இருக்கு” என்று ஆரம்பித்தவர், கூட்டம் கொட்டாவி விடும்வரை ஓயவில்லை.

எல்லோரும் போனதும் மாடிக் கதவைச் சாத்தினார்.

“மாமா, மன்னிச்சிடுங்க. நான் வந்து...”

மாமனார் கடைச் சாவிக் கொத்தை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“நாளையிலேர்ந்து கல்லாவுல நீங்கதான் உட்காரணும்.”

போன உயிர் திரும்பி வந்தது மாப்பிள்ளைக்கு. ஆனால் ஒன்றும் புரியவில்லை.

“அப்போ... பழம்?”

“நூல் பளிச்சுனு தெரியுது, மாப்பிள்ளை” என்று குரலைத் தாழ்த்தினார் மாமனார். “நம்ம கடையிலேயே நல்ல பசை இருக்கே, நான் எப்பவும் அதுலதான் ஒட்டுவேன்.”