அறுபத்திரண்டு பாராசூட்கள்

கொக்கியைக் காணவில்லை.

மேசைக்கு அடியில் பார்த்தான். சட்டைப்பைகளை வெளியே இழுத்துவிட்டான். மறுபடியும் மேசைக்கு அடியில் குனிந்தான்.

விரல் நீள இரும்புக் கொக்கி. பாராசூட்டின் கயிறுகளை மடிப்புக்குள் இழுத்துச் செருகுவதற்கானது. வேலை முடிந்ததும் சுவரில் அவன் பெயருக்கு நேரே தொங்க வேண்டும்.

அந்த ஆணி காலியாக இருந்தது.

எதிரே ராக்கில் அறுபத்திரண்டு பாராசூட்கள். ஆறு பேர் இரண்டு நாளாக மடித்துக் கட்டியவை. நாளைக் காலை, பார்வையிட வரும் ஜெனரலின் முன்னால் அறுபத்திரண்டு பேர் அவற்றை மாட்டிக்கொண்டு விமானத்திலிருந்து குதிப்பார்கள்.

ஏதோ ஒன்றின் மடிப்புக்குள் கொக்கி இருக்கலாம்.

இல்லாமலும் இருக்கலாம்.

பக்கத்து மேசையில் வேலை செய்யும் தணிகைவேல் வந்து நின்றான். இருவருக்கும் ஆற்காடு பக்கம்தான் ஊர்.

"என் பெட்டியில பழசு ஒண்ணு கெடக்குதுண்ணா. அத மாட்டிவுட்டுட்டா முடிஞ்சிது. உங்க புரமோஷன் பேப்பர் மேல போயிருக்கிற நேரத்துல இது தேவையா?"

பதினெட்டு வருட சர்வீஸ். அவன் ஏட்டில் இதுவரை சிவப்பு மை விழுந்ததில்லை.

கொக்கியை வாங்கினான். ஆணியில் மாட்டினான்.

இப்போது சுவரில் குறை எதுவும் இல்லை.

ராக்கில் முதலாவதாக இருந்த பாராசூட்டின் அட்டை கண்ணில் பட்டது. மடித்தவர் என்ற இடத்தில் அவன் கையெழுத்து. அதன் கீழே ஒரு வெற்றுக் கோடு. குதிப்பவனின் பெயரைக் காலையில்தான் எழுதுவார்கள்.

கொக்கியைக் கழற்றித் தணிகைவேலின் கையில் கொடுத்துவிட்டு, அதிகாரியின் அறைக்கு நடந்தான்.

அதிகாரி கத்தவில்லை. விதிப்படி அத்தனையையும் பிரிக்கச் சொன்னார். பிறகு அவனுடைய சர்வீஸ் ஏட்டை எடுத்துவரச் சொன்னார்.

குதிப்பு ரத்தானது. ஜெனரல் வேறு ஏதோ பார்த்துவிட்டுப் போனார்.

ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். துணியை முழுக்க விரித்து உதறினார்கள். கயிறு கயிறாகத் தடவினார்கள்.

அறுபத்திரண்டிலும் இல்லை.

டீ இடைவேளையில் அவன் போய் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து இரண்டு பேர் எழுந்துபோனார்கள். தணிகைவேல் உட்கார்ந்திருந்தான். ஆனால் பார்வையை டம்ளரிலிருந்து எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை புரமோஷன் பட்டியல் ஒட்டினார்கள். அவன் பெயர் அதில் இல்லை. ஒரு தடவைதான் படித்தான். திரும்பி வந்து புதுக் கொக்கியால் அன்றைய மூன்றாவது பாராசூட்டை மடிக்கத் தொடங்கினான்.

சாயங்காலம் மேற்பார்வையாளர் ஒவ்வொருவரிடமும் அட்டைகளை வாங்கிக்கொண்டே வந்தார். எல்லாரும் கொடுத்தார்கள். தணிகைவேல் மட்டும் ஓர் அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"சார், இந்த ஒண்ண மட்டும் நான் திரும்பப் பிரிக்கணும். கடைசிக் கயித்தப் பாத்தேனா இல்லையான்னு நெனப்பு வரல."

மற்ற நால்வரும் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனார்கள்.

அவன் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு, தணிகைவேலின் மேசையில் பாராசூட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளப் போனான்.